துண்டு முடிந்த மறுநாளே மலைக்குப் போகலாமா?

(2022 மார்ச் மாதத் தோட்டத் தலைவியர் கூட்டத்தில், எமது சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து நீங்கள் வந்திருப்பீர்கள். அந்தப் பேச்சும் வரும். அதற்கு முன்னால் ஒரு காய்ச்சலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பேசி முடிக்கும்போது அதுவும் சம்பளப் பேச்சாகத்தான் போய் நிற்கும்.

ஜனவரி, பெப்ரவரி இரண்டு மாதமும் எங்கள் லயங்களில் கொரோனா வராத காம்பரா குறைவு. சிலர் அன்டிஜன் பரிசோதனை செய்து தெரிந்துகொண்டார்கள். பலர் தொண்டை நோவு, தடிமன், உடம்பு உளைச்சல் என்று சொல்லி, கொத்தமல்லித் தண்ணி குடித்துவிட்டுப் படுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். இதை வைத்து லயத்தில் இரண்டு விதமான பேச்சு நடக்கிறது. "ரெண்டு ஊசி போட்டும் வந்துச்சே, அப்புறம் என்னத்துக்கு ஊசி?" என்பது ஒன்று. "சும்மா தடிமன்தானே, நாளைக்கு மலைக்குப் போ" என்பது மற்றது. இரண்டாவது பேச்சைத் துரைமார் மட்டும் பேசவில்லை. எங்கள் வீட்டு ஆண்களும் பேசுகிறார்கள், நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொள்ளவும் செய்கிறோம்.

முதல் பேச்சுக்கு முதலில் பதில் சொல்வோம்.

போன வருசம் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்டா வந்த காலம். நாட்டில் ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் செத்த நாட்களும் இருந்தன. ஆகஸ்ட் 20 தொடக்கம் அக்டோபர் 1 வரை நாடே தனிமைப்படுத்தல் ஊரடங்கில் கிடந்தது. கொழும்பில் கடை மூடியிருந்தது. எங்களுக்கு மட்டும் பிரட்டு வழமைபோல நடந்தது. அந்தக் காலத்தில் செத்தவர்களில் மிகப் பெரும் பகுதி வயதானவர்களும் ஊசி போடாதவர்களும். இந்த வருசம் ஒமிக்ரோன் அதைவிட வேகமாகப் பரவியது. ஆனாலும் அந்த அளவுக்குச் சாவு விழவில்லை. ஒமிக்ரோன் டெல்டாவைவிடக் கொஞ்சம் வீரியம் குறைந்தது என்பது ஒரு காரணம். அதற்குள் பெரும்பாலானோர் ஊசி போட்டிருந்தது மற்றக் காரணம்.

எங்களில் அநேகம் பேர் போட்டுக்கொண்டது சினோபாம். அதில் இருப்பது செத்த கிருமி. அதனால் நோயைத் தர முடியாது, ஆனால் உடம்புக்கு அந்தக் கிருமியை அடையாளம் காட்டிவிடும். ஊசி போட்ட முதல் சில மாதம் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி நிறைய இருக்கும், பிறகு குறையும். குறைந்த பிறகு கிருமி மூக்கிலும் தொண்டையிலும் வந்து உட்காரத்தான் செய்யும். அப்போதுதான் தடிமன், காய்ச்சல் எல்லாம். ஆனால் அடையாளம் கண்டு வைத்திருக்கும் சக்தி உடம்பின் உள்ளே நெடுநாள் இருக்கிறது. அது இரண்டு, மூன்று நாளில் எழும்பி வந்து, கிருமி நெஞ்சுக்குள் இறங்கிச் சுவாசப்பையைக் கெடுப்பதைத் தடுக்கப் பார்க்கும். ஊசி எங்களைக் காய்ச்சலிலிருந்து முழுதாகக் காப்பாற்றவில்லை, ஒட்சிசன் கட்டிலில் இருந்து காப்பாற்றியது. அந்த வேலைக்குத்தான் ஊசி போட்டோம்.

இனி இரண்டாவது பேச்சு. இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

டொக்டர்மார் "லேசான கொவிட்" என்று சொல்லும்போது அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. நிமோனியா இல்லை, இரத்தத்தில் ஒட்சிசன் குறையவில்லை, ஆஸ்பத்திரியில் படுக்கத் தேவையில்லை. அவ்வளவுதான். மூன்று நாள் எலும்பை முறிக்கிற மாதிரி உளைச்சல் இருந்தாலும், எழும்பி நடந்தால் தலை சுற்றினாலும், டொக்டரின் கணக்கில் அது லேசானதுதான். மலையில் கொழுந்து எடுக்கும் உடம்புக்கு அது லேசானதா என்பது வேறு கேள்வி. டொக்டர் சொன்ன "லேசு" என்ற ஒரு சொல்லைத் துரையும் பிடித்துக்கொள்கிறார், கணக்கப்பிள்ளையும் பிடித்துக்கொள்கிறார், வீட்டுக்காரரும் பிடித்துக்கொள்கிறார்.

தனிமைத் துண்டு விசயமும் அப்படித்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இத்தனை நாள் வீட்டில் இருக்கச் சொல்லித் தருகிறாரே, அந்த நாட்கள் உங்களிடமிருந்து மற்றவருக்கு நோய் பரவாமல் இருப்பதற்கானவை. துண்டு முடிந்தால் இனிப் பரவாது என்று பொருள். உங்கள் உடம்பு தேறிவிட்டது என்று அந்தத் துண்டில் யாரும் எழுதவில்லை. இதைத் தலைவிமார் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிரட்டுக்களத்தில் இதைச் சொல்லப் போகிறவர்கள் நீங்கள்தான்.

ஒரு டிவிஷனில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். மூன்று பிள்ளைகளின் தாய், இரண்டு ஊசியும் போட்டவர். காய்ச்சல் மூன்று நாள்தான். துண்டு முடிந்த மறுநாள் காலையில் படங்கைக் கட்டிக்கொண்டு மேல் மலைக்குப் போய்விட்டார். காலை நிறுவை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பகல் நிறுவைக்குக் கொழுந்தைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, நிரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நிரை அக்காதான் கொழுந்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த இரண்டு நாளும் அந்தத் தாயால் பாயை விட்டு எழும்ப முடியவில்லை. அன்று கிடைத்தது அரைப்பேர், பிறகு போனது இரண்டு முழுப்பேர். அவசரப்பட்டுப் போனதில் காசும் மிஞ்சவில்லை.

இது ஏன் இப்படி என்றால், காய்ச்சல் விட்ட பிறகும் உடம்பு உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும். களைப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, இருமல், நித்திரையின்மை, மறதி எல்லாம் லேசாக வந்தவர்களுக்கும் சில வாரம் இருக்கலாம். அநேகமானோருக்கு மெல்ல மெல்லப் போய்விடும். சிலருக்கு மூன்று மாதம் கடந்தும் போகாது. அதற்கென்று உலக சுகாதார அமைப்பு போன வருசம் அக்டோபரில் தனியாக ஒரு வரையறையே கொடுத்திருக்கிறது. ஆகவே "நடிக்கிறாள்" என்று யாராவது சொன்னால், இது உலகம் முழுக்க டொக்டர்மார் எழுதி வைத்திருக்கும் நோய் என்று நிமிர்ந்து சொல்லுங்கள். எங்கள் பெண்களில் நிறையப் பேருக்கு முன்னமே இரத்தம் குறைவு. அந்த உடம்புக்கு இந்தக் களைப்பு இன்னும் கூடுதலாகத் தெரியும். கிளினிக்கில் இரத்தத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், கொடுக்கிற இரும்புக் குளிசையை அலுமாரியில் வைக்காமல் போடுங்கள்.

அப்படியென்றால் எப்படித் திரும்புவது? வீட்டில் இருந்தே பார்க்கலாம். முதலில் லயத்தின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரை நடந்து பாருங்கள். அடுத்த நாள் பீலி வரைக்கும் போங்கள். வெறுங்கையோடு போங்கள், குடம் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வசனம் நிற்காமல் பேச முடிகிறதா? முடிந்தால் சரி. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் நின்றுவிடுங்கள். அன்றைக்கு மட்டும் பார்த்தால் போதாது, அடுத்த நாள் காலையில் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். இந்த நோயில் களைப்பு சில வேளை ஒரு நாள் கழித்துத்தான் வந்து அடிக்கும். அடித்தால் ஒரு படி பின்னால் போய், இரண்டு நாள் கழித்து மறுபடி தொடங்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே நடந்தால் மூச்சு வாங்குகிற நிலையில் ஒருவர் மலைக்குப் போகக் கூடாது, முதலில் டொக்டரிடம் போக வேண்டும்.

மலைக்குப் போகிற முதல் வாரம் முடிந்தால் ரோட்டுக்குப் பக்கத்து மலை, சரிவு குறைந்த மலை. கொழுந்தை நிறைய விடாமல் பாதியிலேயே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வாருங்கள். கவ்வாத்து, முள்ளுக்குத்து போன்ற பாரமான வேலைக்குப் போகும் ஆண்களுக்கும் இதே பேச்சுத்தான். அவர்கள் கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காய்ச்சல் நாட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் இருக்கும்போது "தனி அறையில் இருங்கள்" என்று பேப்பரில் போடுவதைப் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. இருந்தாலும் ஆனதைச் செய்யலாம். நோயாளி ஜன்னல் பக்கம் படுக்கட்டும், குளிர் என்று ஜன்னலை முழுக்க அடைக்க வேண்டாம். மற்றவர்கள் தலைமாடு, கால்மாடு மாறிப் படுக்கலாம். பகலில் வெயில் இருந்தால் இஸ்தோப்பில் இருக்கலாம். எல்லாரும் மாஸ்க் போட வேண்டும், முக்கியமாகக் கிழவன் கிழவிக்குப் பக்கத்தில். பால் கொடுக்கும் தாய் மாஸ்க்கைக் கட்டி, கையைக் கழுவிக்கொண்டு பால் கொடுக்கலாம், நிறுத்தத் தேவையில்லை.

காய்ச்சலுக்குப் பனடோல் போதும். பெரியவருக்கு 2 குளிசை, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு 8 குளிசைக்கு மேல் போகக் கூடாது. உடம்பு மெலிந்தவர்களும், தினமும் சாராயம் குடிப்பவர்களும் அந்த அளவைப் போடக் கூடாது, டிஸ்பென்சரியில் கேட்டுக் குறைத்துப் போட வேண்டும். கடையில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போடாதீர்கள், இது அதற்குக் கேட்கிற கிருமி இல்லை. இஞ்சி கொத்தமல்லித் தண்ணி நல்லது, தொண்டைக்கு இதமாக இருக்கும், வயிற்றுக்குள் தண்ணியும் போகும். அதுவே கொரோனாவைக் கொல்லும் என்று நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணிக்கு ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்து நின்றதைப் பார்த்தோமே, அந்தப் பாணி இப்போது எங்கே? வேது பிடிக்கும்போது கொதிக்கிற பானையைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சீனி, பிரசர் குளிசைகளை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

மூச்சு விட முடியாமல் வந்தால், நெஞ்சு அழுத்தினால், உதடு நீலம் பாய்ந்தால், ஆள் தடுமாறிப் பேசினால் விடியும் வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் வரும், காசில்லை. விரலில் மாட்டிப் பார்க்கும் ஒக்சிமீட்டர் யாரிடமாவது இருந்தால் 94க்குக் கீழே காட்டினால் போக வேண்டும். எங்கள் குளிரில் விரல் விறைத்திருந்தால் அது பிழையாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டுப் பாருங்கள். கர்ப்பிணிகளும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களும் இந்த அடையாளங்கள் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம், தொடக்கத்திலேயே டொக்டருக்கோ குடும்ப நல மாதுவுக்கோ தெரியப்படுத்துங்கள்.

காய்ச்சல் விட்டு மூன்று வாரம் இருமல் இருந்தால் பயப்பட வேண்டாம். அதை வைத்து அந்தத் தாயின் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் எடுக்காமல் விடுவது சரியில்லை. மணம் தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பில் எதுவும் கருகினாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது. வீட்டில் இன்னொருவர் கவனிக்க வேண்டும்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம்.

மேலே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் சொல்றீங்க, வீட்டில இருந்தா யாரு சோறு போடுறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. கடையிலும் கந்தோரிலும் வேலை செய்பவருக்குச் சுகமில்லாமல் போனால் எடுக்கச் சட்டத்தில் வருசத்துக்கு 7 நாள் சம்பள லீவு இருக்கிறது. நாட்சம்பளத்துக்கு மலை ஏறும் எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. வந்தால் பேர், வராவிட்டால் இல்லை. போன வருசம் மார்ச் மாதம் சம்பளச் சபை மூலம் 900 ரூபாவும் 100 ரூபா கொடுப்பனவுமாக ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனதும் பல தோட்டங்களில் 18 கிலோ 20 ஆனது, சில இடங்களில் அதற்கும் மேலே போனது. எடுக்க முடியாதவருக்கு அரைப்பேர், அல்லது கிலோக் கணக்கு. அதோடு போன வருசம் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தாலும் உரத்தின் விலை ஏறிப்போய் மலை காய்ந்து கிடக்கிறது. கொழுந்து இல்லாத மலையில் நல்ல சுகத்தோடு இருப்பவருக்கே கிலோ சேராது. நோயில் எழும்பி வந்தவருக்கு எப்படிச் சேரும்?

இந்தப் பயத்தில்தான் சனம் காய்ச்சலை மறைக்கிறது. பனடோலைப் போட்டுக்கொண்டு பிரட்டுக்கு வந்து நிற்கிறது. லொறியில் நெருங்கி நின்று மற்ற டிவிஷனுக்குப் போகிறது. இரண்டு நாள் கழித்து பத்துப் பேர் படுக்கிறார்கள். தோட்டத்துக்கும் அதில் நட்டம்தான், இதைத் துரையிடம் சொல்லும்போது அவருடைய கணக்கிலேயே சொல்லலாம்.

ஆகவே சங்கம் தோட்ட நிர்வாகங்களிடம் எழுத்தில் கேட்டிருப்பது இது. கொரோனாவால் எழும்பி வருபவருக்கு முதல் இரண்டு வாரம் கிலோக் கட்டுப்பாடு இல்லாமல் முழுப்பேர் போட வேண்டும். அவர்களைக் கிட்டத்து மலைக்கோ நேசரி, பங்களாத் தோட்டம் போன்ற லேசான வேலைக்கோ அனுப்ப வேண்டும். தனிமையில் இருந்த நாட்களைச் செக்ரோலில் வராத நாளாக எழுதாமல் சுகவீன நாள் என்று எழுத வேண்டும். மூன்றாவது ஊசி போடும் நாளுக்கும் பேர் கொடுக்க வேண்டும். சில தோட்டங்களில் வாயளவில் சரி என்றிருக்கிறார்கள். வாயளவில் சொன்னதற்கு அடுத்த துரை பொறுப்பில்லை, அதனால் எழுத்தில் வாங்காமல் விடப் போவதில்லை.

அதுவரைக்கும் லயத்தில் நடப்பதை நாங்கள் அறிவோம். அந்தி நிறுவைக்கு முன் பக்கத்து நிரைக்காரி இரண்டு கிலோவை அள்ளி இவள் கொழுந்தில் போட்டுவிடுவாள். கங்காணி ஐயாவும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அதைத் தப்பென்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் அது ஏழை ஏழைக்குக் கொடுப்பது. கொடுக்க வேண்டியவர் அங்கே நிரையில் இல்லை.

மூன்றாவது ஊசிக்குப் பலர் பின்வாங்குகிறார்கள். பைசர் போட்டால் ஒரு நாள், இரண்டு நாள் கை நோவும் காய்ச்சலும் வருவது உண்மைதான். அதனால் சனிக்கிழமை போட்டுக்கொண்டு ஞாயிறு ஓய்வெடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்தை அந்த ஒரு வாரம் விட்டுவிடுங்கள். இப்போது நோய் வந்து சுகமானவர்கள் எப்போது போடலாம் என்பதை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டுச் சொல்வார்கள். வயதானவர்கள் வீட்டில்தானே இருக்கிறோம் என்று போடாமல் இருக்கிறார்கள். மலையிலிருந்து கிருமி வந்து சேர்வது அவர்களிடம்தான், முதலில் அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாகத் தலைவிமாருக்கு ஒரு வேலை. உங்கள் டிவிஷனில் ஜனவரிக்குப் பிறகு கொரோனா வந்தவர்கள், துண்டு எத்தனையாம் திகதி தொடக்கம் எத்தனையாம் திகதி வரை, மலைக்குத் திரும்பிய நாள், அந்த வாரம் எத்தனை அரைப்பேர் விழுந்தது, இவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். துண்டையும் சம்பளத் துண்டையும் கிழித்துப் போட வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள். பரிசோதனை செய்யாமல் வீட்டிலேயே இருந்தவர்களின் பெயரையும் தனியாக எழுதுங்கள், டிஸ்பென்சரியில் மருந்து எடுத்த திகதி இருந்தால் அதையும். அடுத்த சம்பள நாளைக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை மாவட்டக் காரியாலயத்துக்கு அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். நிர்வாகத்தோடு பேசப் போகும்போது எங்கள் கையில் இருக்க வேண்டியது அதுதான்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். பின்னால் இருப்பவர்களும் கேட்கலாம், தேத்தண்ணி வந்துகொண்டிருக்கிறது.